சுஷ்மித் சென்: ஒரு கிட்டாரும் ஒரு கூட்டாளி விலகலும்

ராக் கிட்டார் என்றதும் நம் வகுப்பில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே படம்தான். நீள முடி, கறுப்புச் சட்டை, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு தந்தியை இழுத்து இழுத்து அலற விடுவது. இந்தப் பதிவில் நான் சொல்லப்போகிறவர் அந்த வகையே இல்லை. தில்லிக்காரர், வங்காளி, பெயர் சுஷ்மித் சென். பார்த்தால் வங்கி மேலாளர் மாதிரி இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார். ஆனால் இந்தியாவில் ராக் என்ற பெயரில் நடந்த விஷயங்களின் திசையைத் திருப்பியதில் அவர் விரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நான் இவரைக் கேட்க ஆரம்பித்ததே தலைகீழ் வரிசையில்தான். முதலில் கையில் கிடைத்தது 2011இல் அவர் தனியாக வெளியிட்ட ‘டெப்த்ஸ் ஆஃப் தி ஓஷன்’. ‘சுஷ்மித் சென் க்ரானிகிள்ஸ்’ என்ற பெயரில் போட்ட ஆல்பம். யார் எவர் என்று எதுவும் தெரியாமல் இரவு பதினோரு மணிக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் கணக்குக்கு நடுவில் ஓட விட்டேன். கிட்டார் என்று அட்டையில் போட்டிருக்கிறது, காதில் விழுவது சில இடங்களில் சரோட் மாதிரி, சில இடங்களில் சந்தூர் மாதிரி. அன்றைக்குக் கணக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் பின்னோக்கிப் போய், அவர் தொடங்கிய ‘இந்தியன் ஓஷன்’ குழுவின் ஆல்பங்கள் ஒவ்வொன்றையும் கேட்டு முடித்தேன். அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்ட வரலாறுதான் இது.

முதலில் கொஞ்சம் முன்கதை. நம் நாட்டில் ராக் 1960களிலேயே வந்துவிட்டது. 1970, 71 ஆண்டுகளில் ‘சிம்லா’ சிகரெட்டை விற்பதற்காக இம்பீரியல் டொபேக்கோ கம்பெனி ‘சிம்லா பீட்’ என்று ஒரு போட்டியே நடத்தி, இரண்டு இசைத்தட்டும் போட்டது. சென்னையின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’, ஷில்லாங்கின் ‘ஃபென்டோன்ஸ்’ எல்லாம் அதில் உண்டு. (சந்தைப்படுத்துதல் தாளில் இந்த உதாரணத்தை எழுதலாம், யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்!) அந்தக் காலத்துக் குழுக்களில் பெரும்பாலானவை செய்தது வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பது. கேட்பவர்களும் அதைத்தான் கேட்டார்கள். சொந்தமாக ஒன்றை எடுத்துவிட்டால், ‘தம்பி, பீட்டில்ஸ் தெரியுமா?’ என்று கேட்கும் கூட்டம். ஆர்க்கெஸ்ட்ராவில் சினிமாப் பாட்டை அப்படியே வாசித்தால்தான் கைதட்டல் என்கிற நம்மூர்த் திருவிழா நிலவரம்தான், மொழி மட்டும் ஆங்கிலம்.

இந்தச் சூழலில்தான் சுஷ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும் 1984இல் சந்தித்தார்கள். அசீம் பாடுவார், தபலா வாசிப்பார். சுஷ்மித் கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டவர். அவர் காதில் சிறு வயதிலிருந்து ஊறியிருந்தது இந்துஸ்தானி இசை. ஆறு வருடம் இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்து, 1990இல் குழுவுக்கு ‘இந்தியன் ஓஷன்’ என்று பெயர் வைத்தார்கள். 1991இல் பாஸ் கிட்டாருக்கு ராகுல் ராம் வந்தார். 1993இல் முதல் ஆல்பம் எச்எம்வியில் வந்தது. 1994இல் டிரம்ஸுக்கு அமித் கிலாம். இந்த நான்கு பேர்தான் அடுத்த பதினைந்து வருடம். ஆரம்ப காலத்தில் அவர்கள் வாசித்த ஓர் உருப்படியின் பெயர் ‘கோயிங் டு ஐடிஓ’. தில்லியில் வருமான வரி அலுவலகச் சந்திப்புக்கு ஐடிஓ என்று பெயர். வருமான வரி ஆபீசுக்குப் போவதை வைத்து ஒரு ராக் உருப்படி! வணிகவியல் மாணவன் இதற்கு மேல் என்ன கேட்பான் :-)

சுஷ்மித்தின் வாசிப்பில் என்ன புதுமை என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வழக்கமான ராக் கிட்டாரில் ஒருவர் கார்டு பிடிப்பார், இன்னொருவர் அதன் மேல் தனியாக ஓடுவார். இவர் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார். சில தந்திகளை விரல் வைக்காமல் திறந்தே விட்டு, அவற்றைத் தம்புரா மாதிரி ரீங்கரிக்க விடுவார். மற்ற தந்திகளில் ராகம் ஓடும். அதாவது சுருதியும் பாட்டும் ஒரே கையில். ராகத்தை வைத்து வாசிப்பதால் இதை ஃப்யூஷன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஃப்யூஷன் என்ற பெயரில் வரும் பல கச்சேரிகளில், நம்மவர் ஒரு பக்கம் சிதாரும் வெள்ளைக்காரர் ஒரு பக்கம் சாக்ஸஃபோனும் வைத்துக்கொண்டு மாறி மாறி வணக்கம் சொல்வார்கள். இங்கே அப்படி இரண்டு கட்சி கிடையாது. கிட்டாரே இந்த ஊரில் பிறந்த கருவி மாதிரிப் பேசுகிறது. பக்கத்தில் அசீம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தபலாக்களைச் சுற்றி அடுக்கி வைத்துக்கொண்டு பாடுகிறார். (அவருக்கு நம்மூர் ஜமுக்காளம் ஒன்றை விரித்துப்போட வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு காணொளியிலும் தோன்றும்.)

அடுத்த ஆல்பம் ‘டெசர்ட் ரெய்ன்’. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1989 ஜனவரி 1ஆம் தேதி, தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் தொழிலாளர்கள் மத்தியில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் இறந்தார். அவர் நினைவாக அமைந்த ‘சஹ்மத்’ அமைப்பு ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் கலைஞர்களைக் கூட்டும். 1997 ஜனவரி 1, மண்டி ஹவுஸ் பக்கத்தில் அப்படி நடந்த கூட்டத்தில் இந்தியன் ஓஷன் வாசித்ததை அப்படியே பதிவு செய்ததுதான் ‘டெசர்ட் ரெய்ன்’. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் அவர்களே வெளியிட்டார்கள். ஐடிஓவிலிருந்து மண்டி ஹவுஸ் இன்றைக்கு மெட்ரோவில் அடுத்த நிலையம். வருமான வரி ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் ஏழு வருடத்தில் ஒரு நிலையம் தாண்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டூடியோவில் பலமுறை வாசித்து நல்லதைப் பொறுக்கி ஒட்டுவது வேறு. குளிரில் திறந்தவெளியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிப்பது வேறு. அந்தப் பதிவில் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது நன்றாகவே தெரிகிறது. அதனால்தான் ஒலித்தரம் சுமார் என்றாலும் அவர்களுடைய ஸ்டூடியோ ஆல்பங்கள் பலவற்றை விட இது எனக்கு மேல்.

பிறகு 2000இல் ‘கந்தீசா’. டைம்ஸ் மியூசிக் வெளியீடு. அவர்களை நாடு முழுக்கத் தெரிய வைத்தது இதுதான். தலைப்புப் பாடல் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பாடும் பழைய சிரியாக் மொழித் துதி. அந்த மொழி அரமேயிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘கந்தீசா’ என்றால் புனிதமான என்று பொருள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோயிலில் பாடுகிற பாட்டு, தில்லி போய் வங்காளிகள் வாசித்து, கோயம்புத்தூர் வழியாகச் சுற்றிக்கொண்டு பவானிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வார்த்தை புரியாமலே அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஆரம்பத்தில் வரும் கிட்டார் துணுக்குக்காகவே கேட்கலாம்.

ஆனால் அந்த ஆல்பத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பாட்டு. ‘மா ரேவா’. ரேவா என்றால் நர்மதை. ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வந்தவர். வந்து வேலைக்குப் போகாமல் நர்மதைப் பாதுகாப்பு இயக்கத்தில் சேர்ந்து பள்ளத்தாக்கு ஊர்களில் சுற்றினார். அங்கே மக்கள் நதியைத் தாயாக அழைத்துப் பாடும் பாட்டுத்தான் குழுவுக்கு வந்தது. ‘கந்தீசா’ வெளியான அதே 2000ஆம் ஆண்டு அக்டோபரில், சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அணை 138.68 மீட்டர் உயரத்துக்கு எழுந்து 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பாட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைக் கூடுதுறைக்காரன் கேட்பதற்கும் மற்றவர்கள் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊருக்குக் காவிரி மேட்டூர் அணையைத் (1934) தாண்டி வருகிறது. பவானி ஆறு பவானிசாகரைத் (1955) தாண்டி வருகிறது. இரண்டு அணையின் தண்ணீரும் கலக்கிற இடத்தில் நின்றுகொண்டு அணையைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வராது. கீழ்பவானி வாய்க்கால் மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்த வாய்க்காலில்தான் வந்தது. ஆனால் பவானிசாகரின் அடியில் டணாயக்கன்கோட்டை இருக்கிறது. கோட்டை, கோயில், ஊர் எல்லாம் தண்ணீருக்குள் போனது. கோடையில் நீர்மட்டம் ரொம்ப இறங்கினால் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், செய்தித்தாளில் படம் வரும், மழை வந்ததும் மறந்துவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் கடைசியாகப் பாடிய பாட்டு எது? நர்மதைக்காரர்களுக்காவது அதை எடுத்து வைக்க ஒரு பாஸ் கிட்டார்காரர் கிடைத்தார். ‘மா ரேவா’ கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான்.

2003இல் ‘ஜீனி’. தலைப்புப் பாடல் கபீர் எழுதியது. காசி நெசவாளர் கபீர், உடம்பை ஒரு மெல்லிய துணியாகப் பார்க்கிறார். பாவு எது, ஊடை எது, யார் நெய்தது என்று கேட்டுக்கொண்டே போய், பெரிய பெரிய ஆட்களெல்லாம் உடுத்தி அழுக்காக்கிய துணியைத் தான் கவனமாக உடுத்தி, அழுக்குப்படாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி முடிக்கிறார். எங்கள் ஊரில் ஜமுக்காளத் தறிகள் இப்போது குறைந்துபோய்விட்டன. புவிசார் குறியீடு வாங்கியும் விசைத்தறிப் போலிகளோடு போட்டி போட முடியவில்லை. ஆனாலும் குழித்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு, இந்தப் பாட்டில் கிட்டாரும் தபலாவும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற விதம் நாடா போய் வருவதைப் போலவே இருக்கிறது. கபீரைப் பஜனையாகப் பாடியவர்கள் நிறைய. தொழிலாகப் பாடியவர்கள் இவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு ‘பிளாக் ஃப்ரைடே’. 1993 பம்பாய்க் குண்டுவெடிப்பைப் பற்றி அனுராக் காஷ்யப் எடுத்த படம் வழக்கில் மாட்டி 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. பாட்டு 2005லேயே வந்துவிட்டது. பியூஷ் மிஷ்ரா எழுதிய ‘பந்தே’ படம் இல்லாமலே ஊரெல்லாம் ஓடியது. சினிமா என்ற ஒரே கதவு வழியாகத்தான் நம் நாட்டில் பாட்டு வீட்டுக்குள் வரும் என்ற விதியை, சினிமாப் பாட்டை வைத்தே மீறியிருக்கிறார்கள்!

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கனமான பகுதி.

2009 டிசம்பர் 25. அசீம் சக்ரவர்த்தி மாரடைப்பால் இறந்தார். வயது 52. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜெய்தீப் வர்மாவின் ஆவணப்படம் ‘லீவிங் ஹோம்’ திரையரங்குகளுக்கு வந்தபோது, அதில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அசீம் உயிரோடு இல்லை. 2010இல் குழு ‘16/330 கஜூர் ரோடு’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. தில்லி கரோல் பாகில் அவர்கள் வருடக்கணக்காக ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் விலாசம்தான் அந்தப் பெயர். அசீமின் குரல் அதில் இருக்கிறது. இந்த முறை கம்பெனியிடம் போகாமல், மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். ஆல்பம் விற்று வருகிற காசு எப்படியும் சொற்பம், கச்சேரியில்தான் வரும்படி, அப்படியென்றால் பாட்டை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும் என்ற கணக்கு. இன்றைக்கு எல்லாப் பாட்டும் செல்பேசியில் கிடைப்பதால் இது சாதாரணமாகத் தெரியலாம். 2010இல் அது துணிச்சல்.

அடுத்த ஆண்டுதான் நான் முதலில் சொன்ன ‘டெப்த்ஸ் ஆஃப் தி ஓஷன்’. சுஷ்மித் இன்னும் குழுவில்தான் இருக்கிறார். ஆனால் தனி ஆல்பம். சுபா முத்கல், பாப்பான், ‘பரிக்ரமா’ குழுவின் நிதின் மாலிக் என்று வேறு வேறு குரல்கள். அவற்றோடு அசீமின் குரலும். தலைகீழாகக் கேட்டவனுக்கு அந்தக் குரல் பத்தோடு பதினொன்றாகத்தான் இருந்தது. குழுவின் ஆல்பங்களை எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அது யார் என்று தெரிந்தது. 1984லிருந்து 2009 வரை, இருபத்தைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இப்போது ஒலிநாடாவில் மட்டும் இருக்கிறார். கிட்டார் அந்தக் குரலுக்கு முன்னால் போகாமல், பின்னால் விழாமல், கூடவே நடக்கிறது. தனி ஆல்பம் என்று பெயர்தானே தவிர, அவர் தனியாக இல்லை.

2013இல் சுஷ்மித் குழுவை விட்டு விலகினார். தொடங்கி இருபத்து மூன்று வருடம். 2014இல் ‘ஓஷன் டு ஓஷன்’ என்று நினைவுக் குறிப்பு நூல் ஹார்ப்பர்காலின்ஸில் வந்தது. குழு நிகில் ராவ் என்ற கிட்டார் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் தொடர்ந்தது.

நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது: கூட்டாளி இறப்பு, கூட்டாளி விலகல். மறுமதிப்பீட்டுக் கணக்கு போடு, நற்பெயரைக் கண்டுபிடி, ஆதாய விகிதத்தில் பிரி, விலகுகிறவர் முதலைக் கொடுத்து அனுப்பு. ஐந்து மதிப்பெண்ணோ பத்து மதிப்பெண்ணோ. ஒரு ராக் குழுவும் ஒரு வகையில் கூட்டாண்மைதான் என்று வைத்து நான் இதைப் போட்டுப் பார்த்தேன். நற்பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்தியன் ஓஷனின் நற்பெயர் எங்கே இருக்கிறது? அந்தப் பெயரிலா, அசீமின் தொண்டையிலா, சுஷ்மித்தின் திறந்த தந்திகளிலா? தந்தியில் இருந்தால் 2013இல் அது அவரோடு வெளியே போயிருக்க வேண்டும். பெயரில் இருந்தால் தொடங்கிய இரண்டு பேருமே இல்லாத குழுவுக்கு அது எப்படிச் சொந்தம்?

அப்போதே கடையை மூடியிருக்க வேண்டும் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் பக்கத்துப் பம்பை செட்டையோ கூத்து ஜமாவையோ பாருங்கள். வாத்தியார் போன பிறகும் அவர் பெயரிலேயே செட் நடக்கும். அவர் சொல்லிக் கொடுத்த அடியை மற்றவர்கள் அடிப்பார்கள். போகப் போக அடி மாறும், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். 2014இல் குழு போட்ட ‘தந்தானு’ ஆல்பத்தில் விருந்தினர்களாக நம்மூர்க் கஞ்சிரா செல்வகணேஷ், வயலின் குமரேஷ் எல்லாம் வந்து வாசித்திருக்கிறார்கள். 2015இல் ‘மசான்’ படத்துக்கு இசை இவர்கள்தான். அந்தப் படத்து ரயில் பாட்டைக் கேட்காதவர்கள் நம் வகுப்பிலேயே குறைவு. சுஷ்மித் இல்லாமலும் நல்ல பாட்டுத்தான். ஆனால் காது ஒரு ரீங்காரத்தைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுஷ்மித்தின் தனி ஆல்பம் குழு வேலைக்குச் சமமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தனி ஆல்பத்தில் அவரைத் தடுக்க ஆளில்லை. அழகான இடங்கள் கொஞ்சம் அதிகமாகவே நீள்கின்றன. விருந்தினர் குரல் ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு இழுக்கிறது. குழுவில் அமித்தின் டிரம்ஸ் ‘போதும் வா’ என்று இழுத்துக்கொண்டு வரும், அசீம் நடுவில் ஒரு இழுப்பு இழுத்துக் கிட்டாரை நிறுத்துவார். அந்த இழுபறியில்தான் ‘கந்தீசா’ மாதிரி ஒன்று பிறந்தது. ஆனால் அவர் விரல் என்ன செய்கிறது என்று தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் தனி ஆல்பம்தான். குழுவில் அது மற்றவர்களோடு கலந்துவிடும். கூடுதுறையில் எது பவானித் தண்ணீர் எது காவிரித் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்க, கொஞ்சம் மேலே காலிங்கராயன்பாளையம் பக்கம் போய்த்தானே ஆக வேண்டும்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் என்னை மாதிரித் தலைகீழாக வர வேண்டாம். முதலில் ‘டெசர்ட் ரெய்ன்’, ஹெட்ஃபோனில், முழுதாக, நடுவில் நிறுத்தாமல். அப்புறம் ‘கந்தீசா’. அதில் ‘மா ரேவா’வுக்கு மட்டும் ஆற்றங்கரையில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். ‘ஜீனி’ ஒரு வாரம் கழித்து. ‘16/330 கஜூர் ரோடு’ கேட்டபின் இரண்டு நாள் இடைவெளி விட்டு ‘டெப்த்ஸ் ஆஃப் தி ஓஷன்’. அதில் அசீமின் குரல் வரும் இடத்தை நான் சொல்ல மாட்டேன். அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.